ஓரங்க நாடக மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் நாடகம் போடுகிறவர்களின் குழு எங்களுடையது. ஆண்டுக்கு ஒரு மாலையை, இதுவரை நாடகம் இயக்கியே இராத நான்கு பேரிடம் கொடுத்துவிடுகிறோம். ஆளுக்கு ஓர் ஓரங்க நாடகம். இயக்க ஆசைப்படுகிறவர்கள், நடிக்க வருகிறவர்கள், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எங்களிடம் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறோம். முதல் பகுதி பெரும்பாலும் இயக்குபவர்களுக்கானது. பார்வையாளர்களுக்கான பதில்கள் கடைசியில் இருக்கின்றன.

ஓரங்க நாடகம் என்றால் நீளம் குறைந்த நாடகம்தானே?

நீளம் குறைவுதான். எங்கள் மாலையில் ஒரு நாடகத்துக்கு 30 நிமிடம். அதற்கு மேல் கிடையாது. ஆனால் இரண்டரை மணி நேர நாடகத்தை வெட்டிச் சுருக்கினால் ஓரங்க நாடகம் வந்துவிடாது. ஒரு சிக்கல், ஓர் இடம், இடையில் அறுபடாமல் ஓடுகிற ஒரு பொழுது, இவ்வளவுதான் அதன் வரம்பு. திரை விலகும்போதே சிக்கல் தொடங்கியிருக்க வேண்டும். பாத்திர அறிமுகத்துக்கு ஒரு காட்சி, முன்கதைக்கு ஒரு காட்சி என்று போனால் பாதி நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இது ஐரோப்பாவிலிருந்து வந்த வடிவம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் ஓரங்க நாடகம்தான். குடிபோதையில் காஞ்சிபுரத்தைச் சுற்றிவரும் ஒரு காபாலிகன் (மண்டை ஓட்டில் பிச்சை வாங்கும் சைவத் துறவி), தன் கபாலத்தைக் காணவில்லை என்று தேடுகிறான். எதிரில் வந்த பௌத்த பிக்குதான் திருடினார் என்று சண்டைக்கு நிற்கிறான். கடைசியில் ஒரு நாய் கவ்விக்கொண்டு போனது தெரியவருகிறது, கபாலம் கிடைக்கிறது, நாடகம் முடிகிறது. தொலைந்த ஒரு பொருளைச் சுற்றியே கதை நடக்கிறது. அந்தக் காலத்துச் சமயப் பூசல்கள் முழுவதும் அதற்குள் வந்துவிடுகின்றன. நாடகப் பிரதி தேட வருகிறவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறோம்.

அனுபவம் உள்ளவர்களே இயக்கினால் நாடகம் நன்றாக வருமே, ஏன் புதியவர்கள்?

அன்றைக்கு வேண்டுமானால் நன்றாக வரும். பத்து ஆண்டுகள் கழித்து இயக்குவதற்கு ஆள் இருக்காது.

நம் நாடக மரபைப் பாருங்கள். நடிகர்களைத் தனித்தனியே அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (கதாநாயகி) இன்னோர் ஊரிலிருந்தும் வந்து, அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நாடகம் விடிய விடிய நடக்கும். இயக்குநர் என்று ஒருவருக்கு அங்கே வேலையே இல்லை. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள் பொழுதுபோக்காக மேடையேறும் வழக்கம் வந்தது. எங்களைப் போன்ற எல்லா அமெச்சூர் குழுக்களுக்கும் அதுதான் முன்னோடி. அங்கே முதலியாரே எழுதினார், அவரே பயிற்சி கொடுத்தார், அவரே முக்கிய வேடத்தில் நடித்தார். பிறகு வந்த சபா நாடகக் குழுக்கள் பலவற்றிலும் இதே வழக்கம் தொடர்ந்தது. குழு ஒருவர் பெயரில் இருக்கும். எழுத்து, இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரே. அவருக்கு வயதாகி ஓய்ந்தால் குழுவும் ஓய்ந்துவிடும். அந்த நாடகங்களை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை, எங்களில் பாதிப் பேர் அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் இயக்கம் என்கிற வேலை அங்கே கைமாறவில்லை.

1977-இல் காந்திகிராமத்தில் நடந்த 70 நாள் நாடகப் பட்டறை, அதே ஆண்டு நாடகாசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு, 1978-இல் பத்திரிகையாளர் ஞாநி தொடங்கிய நாடகக் குழுவான பரீக்‌ஷா ஆகியவை வந்த பிறகுதான், இயக்கத்தைத் தனியாகக் கற்க வேண்டிய ஒரு கலையாகத் தமிழில் பலர் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தக் கலையைப் படித்து மட்டும் கற்க முடியாது. காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கிற மனிதர்கள் முன்னால் ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும். முழுநீள நாடகத்தை ஒரு புதியவரிடம் கொடுக்க எந்தக் குழுவும் தயங்கும், செலவு அப்படி. அரை மணி நேரத்தைக் கொடுக்கலாம். அதற்காகத்தான் இந்த மாலை.

என் நாடகத்தில் நானே ஒரு வேடம் போடலாமா?

கூடாது. எங்கள் விதிகளில் தளர்த்தவே முடியாத விதி இது ஒன்றுதான். சின்ன வேடம், ஒரே ஒரு வசனம் என்றாலும் கூடாது.

காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறோம். சென்னையின் பல சபா அரங்குகளில் மேடைக்கு மேலிருந்து மைக்குகள் தொங்கும். நடிகர் மைக்குக்கு நேர் கீழே நின்று பேசினால் கடைசி வரிசை வரை கேட்கும், இரண்டடி தள்ளினால் குரல் அடங்கிவிடும். இதனால் நடிகர்கள் தங்களை அறியாமலே மைக்குக்குக் கீழே வந்து நின்றுவிடுவார்கள். கணவனும் மனைவியும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய காட்சியில் இருவரும் ஒரே மைக்குக்குக் கீழே தோளோடு தோள் உரச நிற்பார்கள். மேடையில் நிற்பவருக்கு இது தெரியவே தெரியாது, அவருக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்கும். பதினைந்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே அந்தக் காட்சி பொய்யாகிப் போனது தெரியும். இயக்குபவர் உட்கார வேண்டிய இடம் அந்தப் பதினைந்தாவது வரிசை.

நானே எழுதிய நாடகத்தை இயக்கலாமா?

தடை இல்லை. இருந்தாலும் முதல் முறை வேறொருவர் எழுதியதை எடுப்பது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். தான் எழுதிய வரி நடிகர் வாயில் நிற்கவில்லை என்றால், புதிய இயக்குநர் நடிகரைத்தான் திருத்துகிறார், வரியைத் தொடுவதில்லை. நீங்கள் எழுதியதைக் குழுவில் இன்னொருவர் இயக்க, அவர் எழுதியதை நீங்கள் இயக்குகிற ஏற்பாடு சில முறை நன்றாக வந்திருக்கிறது.

நல்ல பிரதி எங்கே கிடைக்கும்? அனுமதி வாங்க வேண்டுமா?

தமிழில் அச்சான ஓரங்க நாடகங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பழைய இலக்கியப் பத்திரிகைத் தொகுப்புகளையும் நூலகங்களில் நாடக அலமாரியையும் பாருங்கள். சென்னை கன்னிமாரா நூலகத்தில் ஒரு பகல் உட்கார்ந்தால் நான்கைந்து பிரதிகளாவது கையில் வரும்.

அனுமதி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில் அசட்டையாக இருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் காலமான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை அவருடைய வாரிசுகளிடம் இருக்கும். ந. முத்துசாமி 2018-இல் காலமானார். அவருடைய நாடகங்களுக்கு 2078 முடிய உரிமை உண்டு, குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். புதுமைப்பித்தன் 1948-இல் காலமானவர். அவர் எழுத்துகளும் பாரதியின் எழுத்துகளும் இப்போது யாரும் எடுத்தாளக் கூடியவை. வெளிநாட்டு நாடகமானால் இரண்டு உரிமைகளைப் பார்க்க வேண்டும். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1904-இல் இறந்துவிட்டார், அவரிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பைச் செய்தவர் உயிரோடு இருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டும்.

அமெச்சூர் குழு, கட்டணம் வாங்காமல் நடத்தினால் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. எங்கள் மாலைக்கு டிக்கெட் உண்டு என்பதால் அந்த விலக்கு எங்களுக்குப் பொருந்தாது. இலவச நிகழ்ச்சியாக இருந்தாலும் எழுத்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை. கேட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள், நாடகம் பார்க்கவும் வருகிறார்கள். வாழும் எழுத்தாளரின் சிறுகதையை நாடகமாக்குவது என்றால் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் நாங்கள் ஒத்திகையே தொடங்குவதில்லை.

சிறுகதையை நாடகமாக்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

இடத்தை. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் அடிக்கடி விரும்பிக் கேட்கும் கதை அது, வசனம் அப்படியே மேடைக்கு வரும். பிராட்வே முனையில் தொடங்கி, காப்பி ஓட்டலுக்குப் போய், வீட்டுக்கு வந்து, பிறகு கடவுள் ஆடிக்காட்டப் போகிற இடம் வரை கதை நகர்கிறது. எல்லாவற்றையும் மேடையில் காட்ட முயன்றால் அரை மணி நேரம் மேசை நாற்காலி இழுப்பதிலேயே போகும். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நாங்களாக இருந்தால் வீட்டை எடுப்போம். கடவுள் என்று சொல்லிக்கொள்கிற விருந்தாளி, கூட்டிவந்த மனிதர், அவர் மனைவி, அந்தப் பெரியவரோடு விளையாட நிற்கும் குழந்தை: நான்கு பேர், ஒரு கூடம். தெருவிலும் ஓட்டலிலும் நடந்ததை வீட்டுக்குள் வந்த பிறகு பேச்சில் கொண்டுவந்துவிடலாம்.

பிரதியைப் போலீஸில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமா?

முன்பு அப்படித்தான் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தைப் பின்பற்றி, 1954-இல் தமிழ்நாட்டுக்கென ஒரு நாடகச் சட்டம் வந்தது. அதன்படி நாடகப் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெற வேண்டியிருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில், அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்தது. இன்று நாம் எழுதியதை யாரிடமும் காட்டாமல் மேடையேற்ற முடிகிறது என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம். புதிய இயக்குநர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

சில அரங்குகள் நிகழ்ச்சி பற்றிக் காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம் கொடுக்கச் சொல்லும். அது கூட்டம், ஒலிபெருக்கி தொடர்பானது. அதைக் குழு பார்த்துக்கொள்ளும்.

எத்தனை நடிகர்கள் இருக்கலாம்?

ஐந்து பேருக்குள். முதல் நாடகத்தில் அதற்கு மேல் சமாளிப்பது கடினம். இரண்டு பேர் போதும் என்றால் இன்னும் நல்லது.

ஒத்திகையை எப்படித் திட்டமிடுவது? எங்கள் நடிகர்கள் எல்லோரும் ஷிஃப்டில் வேலை செய்கிறவர்கள்.

இந்தக் கேள்வியை எல்லா ஆண்டும் எல்லா இயக்குநரும் கேட்கிறார்கள். எட்டு வாரம் தருகிறோம். வாரத்தில் இரண்டு மாலை, ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டால் போதும். எல்லா நடிகர்களும் எல்லா நாளும் வர வேண்டியதில்லை. நாடகத்தை நான்கைந்து துண்டுகளாகப் பிரித்து, அன்றைய துண்டில் யார் இருக்கிறார்களோ அவர்களை மட்டும் கூப்பிடுங்கள். சும்மா உட்கார வைத்தால் மூன்றாவது வாரம் ஆள் வரமாட்டார். இரவு எட்டரைக்கு ஒத்திகை முடிந்துவிட வேண்டும், தூரத்திலிருந்து வருகிறவர்கள் வீடு போய்ச் சேர வேண்டும்.

முதல் இரண்டு வாரம் யாரும் எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்து வாசியுங்கள். யார் யாரிடம் என்ன கேட்கிறார், ஏன் இப்போது கேட்கிறார் என்று வரிக்கு வரி பேசுங்கள். தமிழ் நாடகத்தில் வசனத்தின் சுருதியை முதல் நாளே பிடித்துக்கொண்டு கடைசி வரை அதையே ஒப்பிக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வாசிப்பு நீண்டால்தான் அது உடையும்.

பிறகு தரையில் டேப் ஒட்டி மேடையின் அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் ஒத்திகை பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றையும் தெரு இரைச்சலையும் மீறக் கத்திப் பழகிய குரல் அரங்குக்குள்ளும் கத்தும். கடைசி மூன்று வாரமாவது நான்கு சுவருக்குள் இடம் தேடுங்கள், ஏதாவது பள்ளி வகுப்பறை கிடைக்கும்.

நடிகரிடம் பேசுவது பற்றியும் ஒரு வார்த்தை. ‘இன்னும் சோகமாகச் செய்யுங்கள்’ என்று புதிய இயக்குநர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அதை வைத்துக்கொண்டு நடிகர் என்ன செய்வார்? குரலைத் தாழ்த்துவார், தலையைக் குனிவார். அதற்குப் பதிலாக அவர் செய்யக் கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். ஓர் ஒத்திகையில், மகன் வெளிநாட்டிலிருந்து போட்ட கடிதத்தைத் தாய் வாசிக்கிற காட்சி. நடிகை அழுது அழுது வாசித்தார், எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. இயக்கிய பெண் யோசித்துவிட்டு, ‘அம்மா, நீங்க கண்ணாடி போடாம வாசிங்க. எழுத்து சரியாத் தெரியலன்னு வச்சுக்குங்க’ என்றார். நடிகை கடிதத்தைத் தள்ளிப் பிடித்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார், ஒரு வார்த்தையில் தடுக்கி மறுபடி வாசித்தார். அழவே இல்லை. அறையில் இருந்த மற்ற நடிகர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெண் அதற்கு முன் எதையும் இயக்கியதில்லை.

செட், விளக்கு எல்லாம் எவ்வளவு கிடைக்கும்?

நான்கு நாடகங்களுக்கும் பொதுவாக இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, நான்கு நாற்காலி, நிலைப்படியோடு ஒரு கதவு. இவற்றை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இதற்கு மேல் கொண்டுவரும் பொருளை நடிகர் கையில் எடுத்துவந்து கையிலேயே எடுத்துப்போக முடிய வேண்டும். ஒரு நாடகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து நிமிடம்தான். அதற்குள் மேடையை மாற்றும் வேலையையும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

விளக்குக்கும் பொதுத் திட்டம்தான். மேடை முழுவதற்கும் ஒரே சீரான வெளிச்சம், அதோடு ஒவ்வொரு நாடகத்துக்கும் இரண்டு தனி விளக்கு. நிறம் மாற்றுவதிலும் அடிக்கடி இருட்டாக்குவதிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். நடிகரின் கண் தெரிகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். நெருப்பு, சூடம், புகை மூன்றுக்கும் அனுமதி இல்லை.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடலாமா?

வேண்டாம். பொது நிகழ்ச்சியில் போட உரிமக் கட்டணம் உண்டு. அதைவிட முக்கியம், தெரிந்த பாட்டு ஒலித்தவுடன் பார்வையாளர் மனம் அந்தப் படத்துக்குப் போய்விடும். குழுவில் மிருதங்கம் வாசிப்பவரும் புல்லாங்குழல் வாசிப்பவரும் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.

மேடையில் வசனம் மறந்துவிட்டால்?

பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர் எங்களிடம் கிடையாது. அவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் பாடம் பண்ணாமல் வருகிறவர்கள் உண்டு என்பதால் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டோம். அருகில் நிற்கும் நடிகர்தான் காப்பாற்ற வேண்டும். அதற்காக, கடைசி வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே வரிகளை விட்டுவிட்டு நடிக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

எந்த நாடகம் முதலில், எது கடைசியில் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

குழு. முழு ஒத்திகை பார்த்த பிறகு முடிவு செய்வோம். நான்கில் சிறந்ததைக் கடைசியில் வைக்கிறோம் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. உடனே பிடிபடுகிற நாடகம் முதலில் வரும், பார்வையாளர் இன்னும் இருக்கையில் அமர்ந்துகொண்டிருப்பார்கள். அதிக அமைதி தேவைப்படுவது இரண்டாவது. சிரிக்க வைப்பது இடைவேளைக்குப் பிறகு. மேடையில் தண்ணீரோ மண்ணோ கொட்டுகிற நாடகம் எதுவோ அது எப்போதும் கடைசி, துடைக்க நேரம் இருக்காது.

செலவு யாருடையது?

அரங்க வாடகை, விளக்கு, ஒலி, போஸ்டர் எல்லாம் குழுவுடையவை. இயக்குபவருக்கு உடைக்கும் பொருட்களுக்கும் ஒரு சிறு தொகை தருகிறோம். அதைத் தாண்டிச் சொந்தக் காசு போடக் கூடாது. போட்டால் நான்கு நாடகங்களுக்கும் ஒரே அளவு என்பது கெட்டுவிடும்.

(பார்வையாளர்) மொத்தம் எவ்வளவு நேரம்? பாதியில் வந்தால் விடுவீர்களா?

மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியும். நடுவில் 15 நிமிட இடைவேளை. நாடகம் நடக்கும்போது கதவு திறக்கமாட்டோம். தாமதமாக வந்தால் அடுத்த நாடகத்துக்கு முன் உள்ளே வரலாம். ஒரே ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதிலும் எங்களுக்கு வருத்தம் இல்லை, ஆனால் உங்கள் மகனோ மகளோ நடிக்கும் நாடகம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். மீதி மூன்றிலும் யாருடையவோ பிள்ளைகள்தான் நடிக்கிறார்கள்.

குழந்தைகளை அழைத்துவரலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. ஏதாவது ஒரு நாடகம் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்றால் டிக்கெட்டிலேயே அச்சிடுவோம்.

போனில் வீடியோ எடுக்கலாமா?

வேண்டாம். இருட்டில் ஒரு திரை ஒளிர்ந்தால் நடிகருக்கு முதலில் தெரிவது அதுதான். நாங்கள் ஒருமுறை முழுதாகப் பதிவு செய்து நடிகர்களுக்குக் கொடுக்கிறோம்.

பரிசு உண்டா? நடுவர்கள் யார்?

பரிசு இல்லை, நடுவர்களும் இல்லை. நாடகப் போட்டிகளால் நல்லது நடந்திருக்கிறது. சிட்னியில் 2002-இல் தொடங்கிச் சென்னைக்கும் வந்த பத்து நிமிட நாடக விழாவான ஷார்ட் அண்ட் ஸ்வீட் மூலம் நிறைய இளைஞர்கள் மேடையைப் பார்த்தார்கள். ஆனால் முதல் முறை இயக்குகிறவருக்குப் போட்டி இருந்தால், சட்டென்று கைத்தட்டு வாங்கும் வழியைத்தான் தேடுவார். இங்கே அவர் துணிந்து ஒன்றைச் செய்து பார்க்கட்டும் என்று விரும்புகிறோம்.

நாடகம் முடிந்த பிறகு கலந்துரையாடலில் என்ன பேசலாம்?

கண்டது, கேட்டது. ‘அந்த அண்ணன் வெளியே போனது எனக்குப் புரியவில்லை’, ‘கடைசி ஐந்து நிமிடம் பின்னால் கேட்கவில்லை’ என்பவை இயக்குநருக்குப் பொன்னானவை. ‘இந்தக் கதைக்கு நான் வேறு முடிவு வைத்திருப்பேன்’ என்பதை எழுத்தாளரிடம் தேநீர் குடிக்கும்போது சொல்லலாம். கலந்துரையாடல் நடக்கும் இருபது நிமிடமும் இயக்குநர் பதில் சொல்லக் கூடாது, குறித்துக்கொள்ள மட்டும் வேண்டும். கடினமான விதி, தெரியும். அந்தக் குறிப்புகளை மறுநாள் குழுவோடு உட்கார்ந்து பேசுகிறோம்.

என் நாடகம் சரியாக வரவில்லை என்றால் மறுபடி வாய்ப்பு கிடைக்குமா?

கிடைக்கும். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ஆண்டு நீங்கள் இயக்க முடியாது, அது இன்னொரு புதியவரின் முறை. அந்த ஆண்டு அவருக்கு மேடை நிர்வாகியாக இருப்பீர்கள்: ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பது, பொருட்களைக் கணக்கு வைப்பது, அன்று மாலை விளக்குக்கும் ஒலிக்கும் சைகை கொடுப்பது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து எங்கள் முழுநீள நாடகங்களுக்கு இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் பெயரும் பட்டியலில் இருக்கும்.